விளிம்பில் மங்கும் விண்மீன்கள்

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை ஒன்பதரையை ஒட்டி, இலங்கையின் வடக்கிலும் திருகோணமலைக் கரையிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. கங்கண சூரிய கிரகணம். சந்திரன் அன்று சற்றுத் தொலைவில் நின்றதால் அதன் வட்டம் சூரிய வட்டத்தை மூடப் போதவில்லை. குறுக்களவில் ஏறத்தாழ 97 சதவீதம்தான் மறைந்தது. பரப்பளவில் பார்த்தால் சூரிய முகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் மறையாமல் நின்றது. வெளிச்சத்திலும் 6 சதவீதம் மிஞ்சியிருக்கும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டால் வருவது 4 சதவீதத்தை ஒட்டிய எண்.

மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனதற்கு மேகமோ கடற்புகாரோ பொறுப்பில்லை. மிஞ்சிய வளையம் முழுவதும் சூரியனின் ஓரம். நடுவில் இருக்கும் பிரகாசம் ஓரத்தில் இல்லை. தொலைநோக்கி வழியே சூரியப் படத்தை வெள்ளைத்தாளில் விழுத்திப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: நடு வெண்மையாக இருக்க, ஓரம் மங்கி இலேசாகச் செம்மை தட்டியிருக்கும். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்களிலும் இந்த மங்கல் பதிந்திருக்கிறது. அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கணினியில் ஏற்றிக் கரும்புள்ளிகளின் பரப்பை அளப்பவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ஓரத்து மங்கலைக் கணக்கிட்டுக் கழிப்பது. கழிக்காவிட்டால் எது கரும்புள்ளி, எது இயல்பான மங்கல் என்று கணினிக்குப் பிரித்தறியத் தெரியாது.

காரணம் எளிது. சூரியனுக்குத் திடமான மேற்பரப்பு கிடையாது. நாம் சூரிய முகம் என்று பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் தடிப்புள்ள வாயு அடுக்கு. ஒளிமண்டலம் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 6,96,000 கி.மீ. ஆரமுள்ள கோளத்துக்கு அது மெல்லிய தோல்தான். ஆனால் அந்தத் தோலுக்குள்ளே, ஆழத்துக்குப் போகப் போக வெப்பம் ஏறுகிறது. வெருகல் ஆறு கடலில் சேரும் இடத்தில், கலங்கல் நீரில், வள்ளத்தில் இருந்தபடி நேர்கீழே பார்ப்பதையும் சாய்வாகப் பார்ப்பதையும் நினைத்துக்கொள்ளலாம். கலங்கலில் பார்வை ஒரு குறித்த தூரம்தான் ஓடும். நேர்கீழே பார்த்தால் அந்தத் தூரம் முழுவதும் ஆழமாகும். சாய்த்துப் பார்த்தால் பார்வை மேல்மட்டத்திலேயே நின்றுவிடும். சூரியனின் நடுவைப் பார்க்கும்போது ஆழத்துச் சூடான அடுக்கின் ஒளி வந்து சேர்கிறது. ஓரத்தைப் பார்க்கும்போது மேலேயுள்ள, ஓரளவு குளிர்ந்த அடுக்கோடு பார்வை முடிகிறது. குளிர்ந்த வாயு குறைவாக ஒளிரும், அதுவும் நீல ஒளியில் இன்னும் குறைவாக. ஓரம் செம்மை தட்டுவது அதனால்தான்.

சூரியனோடு நின்றிருந்தால் இது சூரிய ஆய்வாளர்களின் சொந்தப் பிரச்சினையாக இருந்திருக்கும். 1999இல் இது எல்லாருடைய பிரச்சினையும் ஆனது.

சோளகம் ஓய்ந்து வாடை பிடிக்குமுன், அக்டோபர் நடுவில், வெருகல் கரையிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் வானத்தைப் பார்த்தால் இரண்டு விண்மீன்கள் அரை மணி நேர இடைவெளிக்குள் உச்சக் கோட்டைக் கடக்கும். இரண்டும் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்று வடக்குப் பக்கத்தில், அடிவானிலிருந்து ஏறத்தாழ 79 பாகை உயரத்தில், பூரட்டாதி விண்மீன்களுக்குச் சற்று மேற்கே இருக்கும். அதன் பட்டியல் எண் எச்.டி. 209458, நல்ல பைனாக்குலர் ஒன்று இருந்தால் பிடித்துவிடலாம். மற்றது தெற்கே, 50 பாகை உயரத்தில், தென்மீன் கூட்டத்தில் உள்ள எச்.டி. 205739. இந்த இரண்டாவதற்குப் பெயர் வைத்தது இலங்கை. சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி நாட்டுக்கொரு விண்மீனைக் கொடுத்துப் பெயர் கேட்டபோது, இலங்கையர் அந்த விண்மீனுக்கு ‘சாமய’ என்றும் அதைச் சுற்றும் கோளுக்கு ‘சமகிய’ என்றும் சிங்களத்தில் பெயரிட்டார்கள்; பொருள் முறையே சமாதானம், ஒற்றுமை. 2019 டிசம்பர் 17இல், வளையக் கிரகணத்துக்கு ஒன்பது நாள் முன்னதாக, அந்தப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன.

இந்த இரண்டு விண்மீன்களையும் சுற்றும் கோள்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரே அளவல்ல. சமகிய கோளின் எடை ஓரளவு தெரியும்: வியாழனைப் போல குறைந்தது 1.37 மடங்கு. விண்மீன் முன்னும் பின்னும் தள்ளாடுவதை வைத்து அது கணிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோள் எத்தனை பெரியது என்பது தெரியாது. அது தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே வருவதாக இதுவரை காணப்படவில்லை. குறுக்கே வராத கோளின் பருமனை இந்த வழியில் அளக்க முடியாது. வடக்கே நிற்கும் விண்மீனின் கதை வேறு. அதன் கோள் 3.52 நாளுக்கு ஒருமுறை நமக்கும் விண்மீனுக்கும் நடுவே புகுந்து, ஏறத்தாழ 3 மணி நேரம் அதன் ஒளியில் ஒரு சிறு பங்கை மறைத்துப் போகிறது. 1999 செப்டம்பரில் டேவிட் ஷார்போனோவும் திமோதி பிரவுனும் அதை முதலில் பதிவு செய்தார்கள். அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லை வெறும் 10 செ.மீ. அகலம். கிரெகரி ஹென்றி குழுவும் அதே காலத்தில் தனியாக அந்த மறைப்பைக் கண்டது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள் ஒன்று தன் விண்மீனைக் கடந்து போவதை மனிதர் பார்த்தது அதுவே முதல் தடவை.

கடப்பு கண்டுபிடிக்கப்பட்டதும் பருமனை அளப்பது சின்னப் பெருக்கல் வேலைபோலத் தெரியும். விண்மீனின் ஒளி எத்தனை சதவீதம் குறைந்ததோ, அத்தனை சதவீதப் பரப்பைக் கோள் மறைக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் ஆரத்தில் 12 சதவீதம் உள்ள கோள் அதன் முகத்தில் 1.44 சதவீதத்தை மறைக்கும். ஒளி 1.44 சதவீதம் குறைய வேண்டும். பாடநூல்கள் பல இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே நின்றால் எல்லாம் சுகம்.

அந்த விண்மீனும் சூரியனைப் போலவே ஓரத்தில் மங்குமானால் கணக்குக் குழம்பிவிடும். கட்புல ஒளியில், சூரியனைப் போன்ற விண்மீனின் நடுப்பகுதி அதன் முகத்தின் சராசரிப் பிரகாசத்தைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாகப் பிரகாசிக்கும். நமது கோள் நடுவைக் கடக்கும்போது பிரகாசமான பகுதியை மறைப்பதால் ஒளி 1.44 அல்ல, 1.8 சதவீதம் குறையும். ஓரத்துக்கு அருகே, ஆனால் முழுவதும் விண்மீனின் முகத்துக்குள்ளேயே நிற்கும்போது மறைவது மங்கலான பகுதி, ஒளிக்குறைவு 1.44 சதவீதத்தைவிடவும் குறையும். அதே கோள், அதே விண்மீன். ஆனால் ஒளி வரைபடத்தின் அடி தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல வளைகிறது. நடுவில் தெரிந்த 1.8 சதவீதத்தை அப்படியே எடுத்துக் கோளின் ஆரத்தைக் கணித்தால் 12 சதவீதம் பெரிதாக வரும். ஆரத்தில் 12 சதவீதப் பிழை கனவளவில் 40 சதவீதப் பிழையாகும். பாறையா, வாயுவா, பனியா என்று அடர்த்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இது தாங்காது.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோள் விண்மீனின் நடுவைக் கடந்ததா, ஒதுங்கிக் கடந்ததா என்பது நமக்கு நேரடியாகத் தெரியாது. தொலைவில் இருக்கும் விண்மீன் தொலைநோக்கியில் பெரும்பாலும் வெறும் புள்ளிதான். நமக்குக் கிடைப்பது நேரத்தோடு மாறும் ஒளியளவு மட்டுமே. அந்தக் கிண்ணத்தின் வளைவிலிருந்து மூன்று விடைகளைப் பிரித்தெடுக்க வேண்டும்: கோளின் பருமன், பாதையின் ஒதுக்கம், விண்மீனின் ஓர மங்கல். ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே வளைவு வரும். கோளை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு செய்யும் வேலையில் பாதி, விண்மீனின் முகத்தை அளக்கும் வேலை. புறக்கோள் செய்திகள் பெரும்பாலும் இந்தப் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

கோளும் விண்மீன் விளிம்பும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுவது புதிதல்ல. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை வைத்துச் சூரியனின் தொலைவை அளக்க 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் உலகமெங்கும் ஆட்கள் போனார்கள். வெள்ளியின் கரு வட்டம் சூரிய விளிம்பைத் தொட்டு உள்ளே நுழையும் வினாடியைக் குறித்தால் போதும் என்பது திட்டம். ஆனால் அந்த வினாடியில் வெள்ளி சூரிய விளிம்போடு ஒரு கரும் பாலத்தால் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் வெவ்வேறு நேரங்களைக் குறித்தார்கள். 1874 டிசம்பர் 9 கடப்புக்கு முன், சென்னை ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கடப்பு என்றால் என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கும் பிரசுரத்தை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர் அவர். பண்டிதரும் நண்பரும் பேசிக்கொள்வதுபோல வானியலை எழுதிய அவரை, இந்தத் துறையில் எழுதுகிற எவரும் முன்னோடியாக வைத்துக்கொள்ளலாம்.

கரும் பாலத்துக்கு வெள்ளியின் வளிமண்டலம்தான் காரணம் என்று நீண்ட காலம் பலர் நம்பினார்கள். 1999 நவம்பரில் புதன் சூரியனைக் கடந்ததை ‘டிரேஸ்’ விண்கலம் படம் பிடித்தது. வளிமண்டலம் என்று சொல்லத்தக்க எதுவும் புதனுக்கு இல்லை. விண்கலத்துக்கும் பூமியின் காற்று குறுக்கே இல்லை. இருந்தும் பாலம் தெரிந்தது. கிளென் ஷ்னைடர், ஜே பசாஷோஃப், லியோன் கோலப் மூவரும் அந்தப் படங்களை ஆராய்ந்து, தொலைநோக்கியின் இயல்பான மங்கலும் சூரிய விளிம்பின் ஒளிச்சரிவும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று காட்டினார்கள். விளிம்பின் கடைசி நூலளவில் பிரகாசம் செங்குத்தாகச் சரிகிறது. அங்கேதான் பாலம் பிறக்கிறது.

ஓர மங்கலை எண்ணில் பிடிக்கும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1906இல் கார்ல் ஷ்வார்ஸ்சில்ட், ஒளி வாயு அடுக்குகளுக்குள் சமநிலையில் கடந்து வெளியேறுகிறது என்று கொண்டு, மங்கலின் எளிய விதி ஒன்றைத் தந்தார். அதன்படி விளிம்பின் பிரகாசம் நடுவின் பிரகாசத்தில் 40 சதவீதம். சூரியனுக்கு இது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியது. ஆனால் அது தோராயம். அதே இலட்சிய வளிமண்டலத்தை எடுத்து, தோராயத்தை விலக்கித் தீர்த்தால் என்ன வரும்?

சுப்பிரமணியன் சந்திரசேகர் இந்தக் கேள்விக்குள் 1940களில் இறங்கினார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அப்போது அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் இருந்தவர். வெள்ளைக் குறு விண்மீன்களின் எடை எல்லைக்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தன் ஆய்வுகளில் தனக்கு மிகுந்த நிறைவு தந்ததாக அவர் சொன்னது ஒளிக்கதிர்ப் பரவல் பற்றிய இந்த ஆண்டுகளைத்தான். ஒளி ஒவ்வோர் அணுவிலும் மோதி எல்லாத் திசையிலும் சிதறும் ஒரு வளிமண்டலத்திலிருந்து வெளியேறும் ஒளியின் சரியான பங்கீட்டை அவர் ஒரே சார்பில் அடக்கினார். ‘எச் சார்பு’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அதன் எண்களைப் பார்த்தால், விளிம்பின் பிரகாசம் நடுவில் 34.4 சதவீதம். 40க்கும் 34.4க்கும் உள்ள இடைவெளி சிறிதுபோலத் தெரியலாம். கோள் விண்மீனுக்குள் நுழையும் சில நிமிடங்களில், வளைவின் தோளை எப்படி வரைவது என்பதை இத்தகைய இடைவெளிகள்தான் முடிவு செய்கின்றன. 1950இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் விண்மீன் வளிமண்டலக்காரர்களின் மேசையில் கிடக்கிறது.

சந்திரசேகர் இன்னொன்றும் சொன்னார். எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கும் சூடான விண்மீனின் விளிம்பில் ஒளி மங்குவது மட்டுமல்ல, முனைவாக்கமும் அடையும். விளிம்பில் அது 11.7 சதவீதம் வரை போகும். வில்லியம் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில் அதைத் தேடப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வேறு: விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசு ஒளியை முனைவாக்குகிறது என்ற கண்டுபிடிப்பு, 1949இல். தேடிய விளைவு கைக்கு வர 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானியலில் சில கணக்குகள் சரியாக இருப்பதோடு, தவறான கதவையும் தட்டி நல்ல வீட்டுக்குள் கொண்டுபோய் விடுகின்றன.

தமிழ்நாட்டில் கோள் கடப்புகளை அளக்கப் பொருத்தமான இடம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். அங்குள்ள வைணு பாப்பு ஆய்வகத்துக்கு மறைப்பு வித்தை பழக்கமானது. 1977 மார்ச் 10ஆம் திகதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதை அளக்க ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்கே காத்திருந்தார்கள். கோள் மறைக்குமுன்பே விண்மீனின் ஒளி தடுமாறியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்த இரவு அது. பட்டாச்சார்யாவின் பெயர் தாங்கிய 1.3 மீட்டர் தொலைநோக்கி இன்று காவலூரில் இருக்கிறது. அதையும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டு, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அரித்ர சக்ரவர்த்தியும் சுஜன் சென்குப்தாவும் ஐந்து கோள்களின் கடப்புகளை மீண்டும் பதிவு செய்தார்கள்: வாஸ்ப்-33பி, வாஸ்ப்-50பி, வாஸ்ப்-12பி, ஹாட்ஸ்-18பி, ஹாட்-பி-36பி. 2019இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் பட்ட பாடு பெரும்பாலும் இரைச்சலோடுதான். தரையிலிருந்து பார்க்கும்போது காற்று மினுங்கும், மெல்லிய மேகம் போகும், விண்மீனின் சொந்த ஒளியும் நிலையாக இராது. அலைத்துணுக்கு முறையால் பொதுவான இரைச்சலைக் கழித்து, விண்மீனோடு ஒட்டிய இரைச்சலைத் தனியாக மாதிரியாக்கிய பிறகே கிண்ணத்தின் வளைவைப் படிக்க முடிந்தது. இரைச்சல் படிந்த வளைவில் ஓர மங்கலைத் தேடுவது வீண் வேலை.

இரைச்சல் இல்லாத வளைவு கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு எச்.டி. 209458 நல்ல எடுத்துக்காட்டு. ஹபிள் தொலைநோக்கி கொண்டு பிரவுன் குழு 2001இல் வெளியிட்ட அளவின்படி அந்தக் கோளின் ஆரம் வியாழனைப் போல 1.347 மடங்கு, பிழை 0.060. ஹெதர் நட்சன் தலைமையிலான குழு 2007இல் வேறொரு வழி பிடித்தது. ஹபிளின் நிறமாலைமானி புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை பதிவு செய்த கடப்புகளை அவர்கள் பத்து நிறப் பட்டைகளாகப் பிரித்தார்கள். கோளின் பாதையும் விண்மீனின் பருமனும் எந்த நிறத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓர மங்கல் நிறத்துக்கு நிறம் மாறும்: நீலத்தில் கிண்ணம் நன்றாக வளையும், அகச்சிவப்பில் தட்டையாகும். ஒரே கேள்விக்குப் பத்துப் பேர் வெவ்வேறு கோணத்தில் விடை சொல்ல, மூன்று விடைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. ஆரம் 1.320, பிழை 0.025. தொந்தரவு என்று கழித்துவந்த மங்கலையே அளவுகோலாக்கிய வேலை இது.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். மறு ஆண்டே கில்லர்மோ டோரஸ் குழு விண்மீனின் எடையையும் வயதையும் புதிதாகக் கணித்தபோது அதே கோளின் ஆரம் 1.359 ஆனது. கோள் வீங்கவில்லை. கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்க, விண்மீனின் சொந்த ஆரம் பற்றிய கணிப்பு நகர்ந்தது. அதோடு கோளும் நகர்ந்தது. கடப்பு தருவது விகிதம் மட்டுமே. கிலோமீட்டராக மாற்ற விண்மீனைத்தான் கேட்க வேண்டும்.

அன்றாடப் புழக்கத்தில் இன்று ஆய்வாளர்கள் ஓர மங்கலை இரண்டே எண்களில் சுருக்குகிறார்கள். நடுவிலிருந்து விலக விலகப் பிரகாசம் எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஒரு எண், அந்தக் குறைவு எப்படி வளைகிறது என்பதற்கு இன்னொன்று. அந்த இருபடி விதிக்கு ஏற்ற கடப்பு வளைவின் கணக்கை 2002இல் கெய்சி மாண்டலும் எரிக் ஆகோலும் சமன்பாடுகளாகத் தந்தார்கள். 2015இல் லாரா கிரைட்பெர்க் எழுதிய ‘பேட்மேன்’ என்ற மென்பொருள் இதை மாணவர் கைக்கும் கொண்டுவந்தது. இரண்டு எண்களும் கண்டபடி அலைந்தால் விண்மீனின் ஓரம் எதிர்மறைப் பிரகாசம் கொண்டதாகவும், நடுவைவிட ஓரம் பளிச்சிடுவதாகவும் கணினி விடை சொல்லும். டேவிட் கிப்பிங் 2013இல் அந்த எண்களை வேறு இரண்டாக மாற்றி, இயற்கையில் நடக்கக்கூடிய முக்கோணப் பரப்புக்குள் மட்டும் தேடும் வழியைக் காட்டினார்.

ஆனால் எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் இரண்டு கட்சி. விண்மீன் வளிமண்டல மாதிரிகளிலிருந்து கணித்த அட்டவணையை எடுத்து அப்படியே நிலைநிறுத்துவது ஒரு கட்சி. அன்டோனியோ கிளாரெட்டின் அட்டவணைகள் இதற்குப் பெயர்போனவை. அட்டவணையை நம்பாமல், கடப்பு வளைவே எண்களைச் சொல்லட்டும் என்று விடுவது மற்றக் கட்சி. முதல் கட்சியில் பிழைக் கோடு குறுகலாக இருக்கும், ஆனால் மாதிரி தவறென்றால் விடை முழுவதும் ஒரு பக்கம் சாயும். இரண்டாவதில் சாய்வு குறையும், பிழைக் கோடு அகலும். பிரகாசமான விண்மீனுக்கும் ஆழமான கடப்புக்கும் இரண்டாவது வழியே நேர்மையானது என்று தோன்றுகிறது. குறுகலான தவறைவிட அகலமான உண்மை மேல். பூமியளவுக் கோளுக்கு அந்த வசதி இல்லை. சூரியனைப் பூமி கடக்கும்போது மறைவது பத்து இலட்சத்தில் 84 பங்கு மட்டும். அந்தத் தாழ்வில் வளைவின் நெளிவைப் படித்தெடுப்பது கடினம். அட்டவணையைத்தான் நாட வேண்டும். ஆகவே அட்டவணை சரியாக இருக்க வேண்டும்.

அட்டவணை சரியாக இல்லை என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. கெப்ளர், டெஸ் விண்கலங்களின் கடப்பு வளைவுகளிலிருந்து நேரே அளந்த ஓர மங்கலை மாதிரிகளோடு ஒப்பிட்டு 2023இல் பியர் மாக்ஸ்டெட் வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் இடையே சிறிதாயினும் ஒரே திசையில் சாயும் வேறுபாடு இருந்தது. விண்மீன்களின் ஓரம் மாதிரிகள் சொன்னதைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தது. வாயு கொதித்து எழுந்து விழும் முப்பரிமாண அமைப்பைச் சேர்த்த மாதிரிகளிலும் இந்த வேறுபாடு மறையவில்லை.

2024 ஏப்ரலில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நாதியா கோஸ்டோக்ரிஸ், அலெக்சாண்டர் ஷபீரோ குழு ‘நேச்சர் அஸ்ட்ரோனமி’ இதழில் விளக்கம் தந்தது: விட்டுப்போனது காந்தப்புலம். சூரியனின் மேற்பரப்பில் கரும்புள்ளி இல்லாத இடத்திலும் மெல்லிய காந்த இழைகள் ஊடுருவியிருக்கின்றன. அவை ஒளிமண்டலத்தின் மேலடுக்கைச் சற்றுச் சூடாக்குகின்றன. ஓரத்தைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது அந்த மேலடுக்கைத்தான். அது சூடானால் ஓரம் பிரகாசமாகும், மங்கல் குறையும். காந்தப்புலத்தைச் சேர்த்துக் கணினியில் விண்மீனின் மேற்பரப்பை உருவாக்கியபோது அளவுகளும் மாதிரியும் பொருந்தின. காந்தம் வலுவான விண்மீனில் மங்கல் குறைவு, நலிந்த விண்மீனில் மங்கல் கூடுதல்.

இதனால் என்ன மாறும் என்று கேட்டால், முதலில் கோள்களின் வளிமண்டலம் பற்றிய செய்திகள். எச்.டி. 209458இன் கோளில் சோடியம் இருப்பதை 2002இல் ஷார்போனோ குழு கண்டது, சோடியத்தின் நிறத்தில் கடப்பு 0.023 சதவீதம் மட்டும் ஆழமாக இருந்ததை வைத்து. வாஸ்ப்-39பி கோளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் கரியமில வாயுவைக் கண்டதும் இதே வழியில்தான்: நிறத்துக்கு நிறம் கோளின் பருமன் எவ்வளவு மாறித் தெரிகிறது என்று பார்ப்பது. ஓர மங்கலும் நிறத்துக்கு நிறம் மாறுவதால், மங்கலைத் தவறாகப் போட்டால் இல்லாத வளிமண்டலம் இருப்பதாகவோ இருப்பது இல்லாததாகவோ தெரியலாம். அகச்சிவப்பில் மங்கல் குறைவு என்பது வெப்புக்கு ஒரு வரம்.

அடுத்தது கோள்களின் வகை பிரிப்பு. பூமியைவிட ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடைப்பட்ட பருமனில் கோள்கள் குறைவு என்பதை 2017இல் பெஞ்சமின் ஃபுல்டன் குழு காட்டியது. ஒரு பக்கம் பாறைக் கோள்கள், மறுபக்கம் தடித்த வாயுப் போர்வை போர்த்தியவை. கெப்ளர் கண்ட கோள்களின் தாய் விண்மீன்களை மீண்டும் நிறமாலையில் அளந்து, பருமனின் பிழை 10 சதவீதத்தை ஒட்டிச் சுருங்கிய பிறகுதான் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பும் அதே கோள்கள் அதே இடத்தில்தான் இருந்தன.

ஐரோப்பிய விண்வெளி முகமை 26 கமராக்களோடு ஏவத் தயார்செய்யும் ‘பிளேட்டோ’ விண்கலத்தின் இலக்கு, சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றும் பூமியளவுக் கோள்களின் ஆரத்தை 3 சதவீதப் பிழைக்குள் அளப்பது. அதற்காகவே அது விண்மீன்களின் அதிர்வையும் கூடவே பதிவு செய்யும். அதிர்விலிருந்து விண்மீனின் ஆரம் வரும். ஓர மங்கலை மட்டும் அதிர்வு சொல்லாது. அதற்குக் காந்தம் சேர்த்த புதிய அட்டவணைகள் தேவை. கோட்டிங்கன் குழு இப்போது செய்துகொண்டிருப்பது அத்தகைய வேலை. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கடப்பு வளைவின் தோளைப் பார்த்தே தொலைவிலுள்ள ஒரு விண்மீனின் காந்தப்புலம் எவ்வளவு என்று கணிக்க முடியும் என்றும் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.